கண்ணாடியில் பார்க்காத பலகை

போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது உங்களில் ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு வந்து, "மிஸ், இதை எறியட்டோ?" என்று கேட்டார். நான் போட்ட சத்தத்தில் பாவம், பிள்ளை வெலவெலத்துப் போனது. ஓய்வு பெற்ற பிறகும் கிழமைக்கு மூன்று நாள் வந்து கத்திவிட்டுப் போகிறாள் இந்தக் கிழவி என்று நீங்கள் உங்களுக்குள் கதைத்திருப்பீர்கள். கதையுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தத் துண்டு கிடந்தது நான் வெட்டிய சிலுவைப் பாதை அச்சுப் பலகைகள் வைத்திருக்கும் பெரிய இழுப்பறையில், அந்த லாச்சியில். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்னதிலிருந்து அவரைக் கல்லறையில் வைத்தது வரை பதினான்கு காட்சிகள். ஒவ்வொன்றையும் கத்தோலிக்கர் ஸ்தலம் என்பார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொரு ஸ்தலத்துக்கு முன்னாலும் நின்று, முழந்தாளிட்டுச் செபித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். எங்கள் லாச்சியில் இலக்கமிட்ட தட்டுகள் பதினான்கு. பலகைகள் பதின்மூன்று. பதின்மூன்றாம் தட்டில் பலகைக்குப் பதிலாக என் கையெழுத்தில் ஒரு வரி: "வெளியே போயிருக்கிறது."

இப்போது வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கு முழுத் தொகுதியும் கேட்டிருக்கிறார்கள். காணாமல் போன பலகையை அச்சிலிருந்து ஸ்கேன் பண்ணி, இயந்திரத்தில் வெட்டி எடுத்துவிடலாம் என்று நீங்கள் யோசனை சொல்கிறீர்கள். நல்ல யோசனை. ஆனால் அந்தப் பலகை காணாமல் போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதென்றால் நான் செய்த ஒரு கேவலத்தையும் சொல்லவேண்டும். இருந்து கேளுங்கள்.

முதலில் அந்தச் சவரக் கண்ணாடி. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்குகிறதே, அதுதான். முகம் பார்க்க நல்லதில்லை என்று நீங்கள் குறைப்படும் கண்ணாடி. அது எனக்கு முன் இந்த மர அச்சுக் கூடத்தை நடத்தியவருடையது. பலகையில் வெட்டுவது அச்சில் இடம் வலமாக மாறி விழும் என்பது உங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம். எனக்கும்தான் சொல்லித் தந்தார்கள். ஆனாலும் என்னுடைய முதல் கோயில் வேலையில், சிலுவைக்கு மேலே அடிக்கும் பலகையின் INRI என்ற நாலு எழுத்தையும் நேராக வெட்டி வைத்தேன். அந்த மனிதர் அதைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. முப்பது தாள் அடிக்கும் வரைக்கும் விட்டுவிட்டு, இந்தக் கண்ணாடியைக் கழற்றி வந்து தாளுக்கு முன்னால் பிடித்தார்.

"இதுக்குள்ள வாசியும். இதுக்குள்ளதான் வடிவா விளங்குது," என்றார்.

அன்றிலிருந்து கண்ணாடியில் பார்க்காத பலகைக்கு நான் மை போட்டதில்லை. ஒரே ஒரு பலகையைத் தவிர. அவர் பிறகு பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். கண்ணாடியை மட்டும் விட்டுவிட்டுப் போனார். பொல்லாத மனிதர், ஆனால் இன்றைக்கும் தொட்டியடிக்குப் போகும்போதெல்லாம் அவர் நிற்கமாட்டாரா என்று இருக்கும் எனக்கு.

போர் முடிந்து சில வருடங்களில் அந்த வேலை வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலின் பங்குத் தந்தை தேடி வந்தார். நாங்கள் வெள்ளவத்தைச் சைவக்காரர். பழகும் காலத்தில் வெட்டிய அந்தச் சிலுவையைத் தவிர, எனக்கு மாதா கோயில் என்றால் கிறிஸ்மஸுக்குக் கேக் தரும் அயலவர்களின் கோயில், அவ்வளவுதான். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"அது பரவாயில்ல, மிஸ்," என்றார் ஃபாதர். "எனக்கு வடிவான படம் வேணாம். வடிவான படம் பதினாலு ஏற்கெனவே தொங்குது. சனம் அதைப் பாக்கிறதையே விட்டுட்டுது. பாத்தா ஒரு நிமிசம் நடக்க ஏலாம நிக்கணும். அப்பிடி ஒண்டு செஞ்சு தாங்க."

அவர் கேட்டது எது என்று எனக்கு விளங்கியது. ஜெர்மனியில் ஒரு காலத்தில் முகங்களைக் கோடரியால் கொத்தியதுபோல் உடைத்து, கைகளைப் பெருப்பித்து, கறுப்பும் வெள்ளையுமாக நெஞ்சில் அடிக்கிறமாதிரிச் செதுக்கினார்களே, அந்த வழி. எங்கள் கண்ணாடிக்காரருக்கும் அதில்தான் பைத்தியம். "அழுகையைச் செதுக்காதையும். அழுகை எங்க இருந்து வரப்போகுதோ, அந்த இடத்தைச் செதுக்கும்," என்பார். எனக்கு அது தலையில் ஏறியது, கையில் ஏறவில்லை. நான் வெட்டும் முகங்கள் எல்லாம் ஸ்டூடியோவில் படம் பிடிக்கப் போனவர்கள் போல் இருந்தன.

அதனால் தினமும் பஸ் ஏறி, பெட்டாவில் மாறி, கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கோயிலில் உட்கார்ந்து படம் கீறினேன். மத்தியான வெயிலில் யார் வருகிறார்கள், எப்படி முழந்தாளிடுகிறார்கள், கையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தேன். மெல்ல மெல்லப் பலகைகள் வந்தன. பன்னிரண்டு முடிந்தது, பதினாலும் முடிந்தது. பதின்மூன்று மட்டும் வரமாட்டேன் என்றது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனைத் தாயின் மடியில் கிடத்தும் ஸ்தலம் அது. தாயின் கை வந்துவிட்டது. மகனின் முகம் வரவில்லை. ஆறு தரம் கீறினேன். ஆறிலும் பெடியன் பகல் நித்திரை கொள்கிறான்.

அந்தக் கோயிலில் ஒரு பெண் எந்நாளும் இரண்டு மணிபோல் வந்து மூன்றாம் வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பார். பிலோமினா அக்கா. தையல்காரி. பக்கத்து ஒழுங்கையில் முன்னறை முழுக்கத் துணியும் மெஷினுமாக ஒரு சிறிய வாடகை வீடு. நான் கீறுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் பக்கத்தில் வந்து இருந்தார். இரண்டாம் நாள் மகனைப் பற்றிச் சொன்னார். பெயர் ஜூட். துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. போர்க்காலத்தில் ஒரு காலை வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. போகாத இடமில்லை, கொடுக்காத கடிதமில்லை. ஆறு வருடமாகிறது.

யாராவது மகனைப் பற்றிக் கேட்டால் அக்கா ஒரே பதில்தான் சொல்வார்: "ஜூட் வெளிய போயிருக்கான்." கடைக்குப் போயிருக்கிறான் என்பது போலச் சாதாரணமாகச் சொல்வார். கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் துண்டில் இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற ஒரு பக்கம், உயிரோடு இருப்பவர்களின் சுகத்துக்காக ஒரு பக்கம். அவனுடைய பிறந்தநாளுக்கு அக்கா அவன் பெயரைச் சுகத்தின் பக்கம் எழுதுவதை நானே பார்த்திருக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைத் திருப்பித் தரச் சொல்லி நெருக்கியபோதும் அசையவில்லை.

"வீடு மாறினா அவன் எங்க வந்து தேடுவான், மிஸ்?" என்று என்னைக் கேட்டார்.

ஒரு நாள் செபப் புத்தகத்துக்குள் இருந்து படத்தை எடுத்துக் காட்டினார். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். ஒடுங்கிய முகம், கொஞ்சம் துருத்திய கன்ன எலும்பு, இடப் புருவத்துக்கு மேலே ஒரு பிறைத் தழும்பு. ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடி மதிலில் மோதியதாம். அந்த முகத்தைப் பார்த்ததும் பென்சிலைத் தேடினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தத் தாய் மேல் இரக்கம் வருவதற்கு முன்னால் அந்த முகத்தின் மேல் ஆசை வந்தது. ஆறு தரம் கீறியும் வராத முகம் அது.

"அக்கா, இதை ஃபோனில ஒரு படம் எடுக்கட்டோ?"

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "எடுங்க, எடுங்க. வெள்ளவத்தப் பக்கம் ஆக்கள்ட்டக் காட்டுவீங்களா, மிஸ்? அங்க எல்லா ஊர்ச் சனமும் வந்து போகுதுதானே. ஆராவது கண்டிருப்பாங்க."

"ஓம் அக்கா," என்றேன்.

அந்த ஓம் பச்சைப் பொய். நான் யாருக்கும் காட்டவில்லை. நேரே கூடத்துக்கு வந்து, படத்தை மேசையில் வைத்து, தாளில்கூடக் கீறாமல் பலகையிலேயே கீறி வெட்டத் தொடங்கினேன். தவக்காலம் தொடங்க நாள் இல்லை என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். இரண்டே நாள். அவன் கண்களை மூடியதாக வைத்து, அந்த இடத்தை வெட்டாமல் கறுப்பாகவே விட்டேன். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றப் போனேன். ஆணிவரைக்கும் கை போனது, எடுக்கவில்லை. அந்தப் பெடியன் செத்துக் கிடப்பதை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் துணிவில்லை. மையைப் போட்டு, தாளை வைத்து, கரண்டியால் தேய்த்து எடுத்தேன்.

என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த அச்சு அது. அதில் நித்திரை இல்லை. நான் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

தவக்காலத்தின் முதலாம் வெள்ளி பின்னேரம் சிலுவைப் பாதை. பழைய படங்களைக் கழற்றிவிட்டு என்னுடைய அச்சுகள் பதினான்கையும் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நான் கடைசி வாங்கில் நின்றேன். ஃபாதர் கேட்டது நடந்தது. சனம் ஒவ்வொரு ஸ்தலத்திலும் பிந்தியது. ஒரு கிழவர் ஐந்தாம் ஸ்தலத்தில் அப்படியே நின்றுவிட, பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிப் போனார்கள். பதின்மூன்றில் எல்லாரும் முழந்தாளிட்டு எழும்பினார்கள். பிலோமினா அக்கா எழும்பவில்லை.

பாட்டு பதினாலாம் ஸ்தலத்துக்குப் போய் முடிந்தது. சனம் கலைந்தது. அக்கா அங்கேயே இருந்தார். பிறகு எழுந்து, படத்துக்குக் கிட்டப் போய், சட்டத்துக் கண்ணாடியில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"மிஸ், இது ஜூட்தானே?"

நான் அவரை விட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"ஆரோ ஒங்கள்ட்டச் சொல்லி இருக்காங்க. படத்தக் காட்டினீங்கதானே. அவன் இல்ல எண்டு ஆரோ சொல்லி இருக்காங்க. ஒங்களுக்கு வாயால சொல்ல ஏலல்ல, அதுதான் இப்பிடிக் காட்டுறீங்க. அப்பிடித்தானே? சொல்லுங்க மிஸ். நான் அழமாட்டன்."

பிள்ளைகளே, அவசரத்தில் பலகை பிளந்திருக்கிறது, மழையில் தாள் ஊறியிருக்கிறது, அதிலெல்லாம் நான் அசைந்ததில்லை. அன்றைக்கு ஆறு வருடமாக ஒரு தாய் பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை என் கையால் அறுத்துவிட்டு நிற்கிறேன். அதுவும் ஒரு நல்ல அச்சுக்காக. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று சொன்னால், ஏன் அவனைப் பிணமாக வெட்டினாய் என்ற கேள்வி வரும்.

அக்கா மறுபடி படத்தின் பக்கம் திரும்பினார். விரல் மெல்ல மேலே போய் நெற்றியில் நின்றது.

"இல்ல," என்றார். "தழும்பு இந்தப் பக்கம் இருக்கு. என்ட பிள்ளைக்கு இடப்பக்கம். இது வலம்." குரல் கொஞ்சம் கொஞ்சமாக உறுதியானது. "இது வேற ஆள். இல்லையா மிஸ்?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பலகையில் நேராகக் கீறியது, அச்சில் மாறி விழுந்திருக்கிறது. கண்ணாடியில் பார்த்திருந்தால் கண்டிருப்பேன், திருத்தியிருப்பேன். தொழில் தெரியாதவள் விடும் பிழை.

"ஓம் அக்கா," என்றேன். "வேற ஆள்."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் அந்த வாங்கிலேயே இருந்துவிட்டேன்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால், நல்ல காலம், பிழையே கைகொடுத்தது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் ஒரு கிழமை அப்படித்தான் என்னைத் தேற்றப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு ஓம், இரண்டும் பொய். ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். படத்தைக் கழற்றிவிடட்டோ என்று கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"கழட்டினா ஏன் கழட்டினீங்க எண்டு அவ கேப்பா. என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம், மிஸ்? பாவசங்கீர்த்தனம் எண்டு மன்னிச்சு அனுப்ப நீங்க எங்கட ஆளும் இல்ல. அவட்டயே போய்ச் சொல்லுங்க."

அடுத்த நாள் பதின்மூன்றாம் பலகையைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. குற்றம் செய்தவள் தடயத்தோடு போவது நல்லது என்று நினைத்தேன் போலும். கைப்பையில் வழக்கம்போல உளிச்சுருள் கிடந்தது. கண்டக்டர் "மே மொனவாத மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார், என்ன இது என்று. படம் என்றேன். பாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பிலோமினா அக்கா மெஷினில் பாவாடை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். உள்ளே போய் இருந்தால் சொல்லமாட்டேன் என்று பயம். படத்தை யாருக்கும் காட்டவில்லை, எனக்கு முகம் வேண்டியிருந்தது, அவனைப் பற்றி எந்தச் செய்தியும் எனக்குத் தெரியாது, அது ஜூட்தான், தழும்பு மாறியது என் பிழை. அக்கா மெஷினை நிற்பாட்டவில்லை. ஓரம் முடிந்து நூலைக் கடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியும், மிஸ்."

"என்ன தெரியும்?"

"நான் முப்பது வருசமாத் துணி வெட்டுறன். உள்பக்கம் திருப்பிப் போட்டு வெட்டினா இடக்கை வலக்கையாகும் எண்டு எனக்குத் தெரியாதா? அண்டைக்கு வீட்டுக்கு வரக்குள்ள ஒழுங்கை முனையிலயே விளங்கிட்டுது." மடியில் கிடந்த துணியை நீவினார். "கோயில்ல நிக்கக்குள்ள எனக்கு அது வேற ஆளா இருக்க வேண்டியிருந்திச்சு. அதுதான் ஒங்களக் கேட்டன். நீங்களும் ஓம் எண்டு சொன்னீங்க. அந்த ஓமுக்கு நான் கோவிக்கேல்ல. முதல்ல சொன்ன ஓமுக்குத்தான் மனசு நொந்திருக்கு. ஒவ்வொரு நாளும் ஒங்கட ஃபோன் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு பேப்பர்ச் சுற்றைக் காட்டி, "அது என்ன?" என்றார்.

பலகையை மெஷின் மேசையில் வைத்தேன். மை ஊறிக் கறுத்த மரம். அக்கா குனிந்து பார்த்தார். விரல் நேரே புருவத்துக்குப் போனது.

"இதில சரியா இருக்கான்," என்றார். "இடப்பக்கம்."

கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மூடிய கண்களின் மேல் விரலை வைத்தார்.

"இதத் திறக்க ஏலுமா, மிஸ்?"

வெட்டியதை ஒட்ட முடியாது, ஆனால் இன்னும் வெட்டலாம். நம் தொழிலில் இருக்கிற ஒரே கருணை அதுதான். கண் இருந்த இடத்தைக் கறுப்பாகவே விட்டிருந்தேன், மரம் அங்கே முழுதாக இருந்தது. ஆனால் திறந்துவிட்டால் அது பதின்மூன்றாம் ஸ்தலம் இல்லை. கண் திறந்த மகன் மடியில் கிடக்கும் காட்சி எந்த வேதத்திலும் இல்லை. என் கையில் வந்த ஒரே நல்ல முகமும் போய்விடும். இதையெல்லாம் யோசித்தேன் என்று உங்களுக்குப் பெரிதாகச் சொல்லலாம். உண்மையில் நான் யோசிக்கவில்லை. உளியை எடுத்துவிட்டேன்.

அக்கா மெஷின் லைட்டைத் திருப்பிப் பிடித்தார். நாலு வெட்டு, இந்தக் கண்ணுக்கு இரண்டு, அந்தக் கண்ணுக்கு இரண்டு. ஊசிக்கு நூல் கோக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன். தூளை அவர் வாயால் ஊதினார். கறுப்புக்குள் இருந்து வெளிறிய மரம் தெரிந்தது. மடியில் கிடந்தவன் தாயை அண்ணாந்து பார்த்தான்.

"ஒரு தாள் அடிச்சுக் கொண்டு வாறன் அக்கா," என்றேன்.

"தாள் வேணாம். தாள்ல மாறிப் போயிடுவான். இதயே தாங்க."

அதனால்தான் அந்தத் துண்டு. அன்றைக்குக் கூடத்துக்குத் திரும்பி வந்து, வெறும் தட்டில் வைக்க முதலில் "இரவல்" என்று எழுதினேன். சரியில்லை என்று கிழித்தேன். பிறகு எழுதியது உங்களுக்குத் தெரியும். அந்த ஃபோன் படத்தையும் அன்றே அச்சடித்து, வெள்ளவத்தையில் கடை கடையாகக் காட்டிக்கொண்டு திரிந்தேன். ஒருவரும் கண்டதாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் கைப்பையில் வைத்திருக்கிறேன், புது ஆள் யாரைக் கண்டாலும் காட்டுகிறேன். உங்களுக்கும் காட்டினேனே, கூடத்தில் சேர்ந்த முதல் நாள். எதற்கு என்று அப்போது நீங்கள் கேட்கவில்லை.

கண்காட்சிக் கடிதம் வந்ததும் போன மாதம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அக்காவுக்கு இப்போது கண் பார்வை குறைவு, தைப்பதில்லை. வீடு அதே வீடுதான். பலகை மெஷினுக்கு மேலே, வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேலாக விரல் பட்டுப் பட்டு, இடப் புருவத்தில் மை முழுக்கப் போய் மரம் வழுவழுவென்று தெரிகிறது. மூன்று மாதத்துக்கு மட்டும் தரமுடியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, கேட்டேன்.

"அவன் வந்த பிறகு எடுத்துக்கொண்டு போங்க, மிஸ்," என்றார். "அதுக்குப் பிறகு எனக்கு என்னத்துக்கு?"

ஆகவே பதின்மூன்று பலகைகளைக் கண்காட்சிக்கு அனுப்புங்கள். இயந்திரத்தில் ஒன்றும் வெட்டவேண்டாம். அவர்கள் சுவரில் ஓர் இடம் வெறுமையாக இருக்கட்டும், கேட்டால் வெளியே போயிருக்கிறது என்று எழுதுங்கள். இனி நீங்கள் யாருடைய முகத்தையாவது வெட்ட ஆசைப்பட்டால் முதலில் அந்த ஆளிடம் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள், பிறகு கண்ணாடியில் பாருங்கள். இதற்கு மேல் பாடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

லாச்சியைத் தூசு தட்டுங்கள். துண்டை மட்டும் அந்தத் தட்டிலேயே வையுங்கள். பலகை திரும்பி வரும்போது தன் இடம் எது என்று தேடக்கூடாது.